வழக்கும் வெளிநாட்டுப் பயணமும்: நாம் அறிந்துகொள்ள வேண்டியவை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் மஹல்லாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவுசெலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் சட்டம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். எல்லோருக்கும் பசி நேரம் என்பதை அறிவேன். எனினும் சபர் செல்லாத ஒருவரேனும் இல்லாத வீடு நம் மஹல்லாவில் அரிது. ஆகவே அந்தச் சபரோடு தொடர்புடைய ஒரு செய்தியையே எடுத்துக்கொண்டேன். ஒருவர் மீது குற்றவழக்கு இருந்தால், அல்லது முன்பு தண்டனை பெற்றிருந்தால், அவர் வெளிநாடு செல்ல முடியுமா, முடியாதா என்பதே அது.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடுதான் கூறுகிறேன். பெயர் வேண்டாம்.

2014-ஆம் ஆண்டு, பெருநாளுக்கு மறுநாள், விளையாட்டுத் திடலில் இளைஞர்களிடையே வாய்த்தகராறு ஏற்பட்டுக் கைகலப்பில் முடிந்தது. ஒருவருக்கு உதட்டில் காயம். கோபத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தனர். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது என்று அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. பத்து நாள் கழித்து இரு தரப்பையும் இதே பள்ளிவாசலில் அமர்த்திப் பேசினோம். கை கொடுத்துக் கொண்டார்கள். ஜமாஅத் புத்தகத்தில் சமாதானம் எழுதப்பட்டது. சாட்சிக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்று நாம் மனங்களைச் சேர்த்து வைத்தோம். வழக்கை முடித்து வைக்கவில்லை. காவல்துறை தன் கடமைப்படி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நீதித்துறை நடுவர் மன்றம் அதைக் கோப்புக்கு எடுத்தது. சம்மன் வந்தபோது, “அதுதான் பள்ளிவாசலில் பேசி முடித்தாயிற்றே” என்று வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டனர். 2016-இல் அந்த இளைஞர், 2012-இல் எடுத்திருந்த பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாட்டிற்கு வேலைக்குச் சென்றார். வாய்தாவுக்கு ஆள் வராததால் நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்தது. இது எதுவும் அவருக்குத் தெரியாது.

2022-இல் பாஸ்போர்ட் காலாவதியானது. புதுப்பிக்க அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்தார். ஊரிலிருந்து போன காவல்துறை அறிக்கையில் ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்றிருந்தது. பாஸ்போர்ட் நின்றது. பாஸ்போர்ட் இல்லாமல் அந்நாட்டின் குடியிருப்பு அனுமதியையும் புதுப்பிக்க இயலவில்லை. அந்த வேளையில்தான் இங்கே அவருடைய அத்தா மவுத்தானார். தாயகம் திரும்புவதற்கென ஒரு வழிப் பயணத்திற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதைப் பெற்று அவர் வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. மய்யித்தை அதுவரை வைத்திருக்க முடியுமா? மகன் பிடிக்க வேண்டிய சந்தூக்கின் காலைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் சாட்சிக் கையொப்பமிட்டபோது, “இதோடு நீதிமன்றத்திலும் முடித்துவிடுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதே நான் வழக்கறிஞன். சொல்லவில்லை. ஆகவே இன்றைய பேச்சை அறிவுரையாகக் கொள்ள வேண்டாம். கடன் தீர்ப்பதாகக் கொள்ளுங்கள்.

இனிச் சட்டத்திற்கு வருவோம்.

வெளிநாடு செல்வது அரசு போடும் பிச்சையன்று, குடிமகனின் உரிமை. 1967-இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதன் விளைவாகவே அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. 1978-இல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் தனிமனித சுதந்திரத்தில் இவ்வுரிமை அடங்கும் என்றும், நியாயமான நடைமுறையின்றி அதைப் பறிக்கலாகாது என்றும் தெளிவாக்கியது. ஆக, வழக்கு இருந்தால் வாழ்நாள் முழுதும் ஊரிலேயே கிடக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. வழக்கு ஒரு பொருட்டே அல்ல என்று எண்ணுவதும் தவறு.

பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவு, எப்போது பாஸ்போர்ட் மறுக்கப்படும் என்பதைக் கூறுகிறது. அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று. ஒன்று: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்திற்காக இந்திய நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருத்தல். இரண்டு: குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருத்தல். மூன்று: பிடிவாரண்டோ, ஆஜராகுமாறு சம்மனோ, நாட்டை விட்டு வெளியேறத் தடையுத்தரவோ நீதிமன்றத்தால் பிறப்பிக்கப்பட்டிருத்தல்.

இவற்றை ஊன்றிக் கவனியுங்கள். என்றோ தண்டனை அனுபவித்துத் திருந்தி வாழும் ஒருவருக்கு, ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டால், அந்தத் தண்டனையைக் காட்டி முதலாவது காரணத்தின்படி பாஸ்போர்ட் மறுக்க இயலாது. ஆனால் ஒரு நாள்கூடச் சிறை செல்லாத, சாதாரண அடிதடி வழக்கில் சிக்கியவருக்கு, அவ்வழக்கு முடியாதவரை இரண்டாவது காரணம் குறுக்கே நிற்கும். முடிந்துபோன பெரிய வழக்கைவிட முடியாத சின்ன வழக்கே பயணத்திற்குப் பெரிய தடை. நம் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சின்ன வழக்குகளில்தான்.

அடுத்து, ‘வழக்கு நிலுவை’ என்றால் என்ன? காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதாலேயே நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பொருளாகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்ற பின்னரே நிலுவை என்பது தொடங்குகிறது. வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10-ஆம் நாளிட்ட குறிப்பாணையில் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே புலன்விசாரணை நிலையிலேயே உள்ள புகாரைக் காட்டி விண்ணப்பம் நிறுத்தப்பட்டால், இந்தக் குறிப்பாணையைச் சுட்டி எழுத்து மூலம் விளக்கம் அளியுங்கள். தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு நிலுவையில் இருப்பதை மட்டும் காரணம் காட்டிப் புதுப்பித்தலை மறுக்கலாகாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளதையும் நினைவில் வையுங்கள்.

சரி, வழக்கு உண்மையிலேயே நீதிமன்றத்தில் இருக்கிறது. அப்போது என்ன வழி? வழி இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கை, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி ஆணை பெற்று வருபவருக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கிறது. நீதிமன்றம் காலத்தைக் குறிப்பிட்டால் அந்தக் காலத்திற்கும், எதையும் குறிப்பிடாவிட்டால் ஓர் ஆண்டுக்கும் பாஸ்போர்ட் வழங்கப்படும். அழைக்கும்போது ஆஜராவேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஆதலால் மனுத்தாக்கல் செய்யும்போது, “எத்தனை ஆண்டுக்குப் பாஸ்போர்ட் வழங்கலாம் என்பதையும் ஆணையில் குறிப்பிட வேண்டும்” என்று வழக்கறிஞரிடம் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி விடுபட்டதால் ஒரே ஆண்டில் மீண்டும் அலைந்தவர்களை நான் அறிவேன்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்ல விரும்புவோருக்கும் இதுவே வழி. பயண நாள், திரும்பும் நாள், குழுவின் விவரம் ஆகியவற்றோடு மனுச் செய்யலாம். முறையாக வாய்தாவுக்கு வந்து கொண்டிருப்பவரின் மனுவை நீதிமன்றங்கள் பரிவோடு பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாரண்டு நிலுவையில் உள்ளவர் முதலில் வழக்கறிஞரோடு நேரில் சென்று வாரண்டை ரத்து செய்துகொண்டுதான் எதையும் கேட்க முடியும்.

சகோதரர்களே! சிலர் வேறொரு ‘வழி’ சொல்லித் தருவார்கள். “படிவத்தில் வழக்கு இல்லை என்று எழுது, யாருக்குத் தெரியப் போகிறது?” என்பார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் உண்மையை மறைப்பது சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறைத்துப் பெற்ற பாஸ்போர்ட்டை 10-ஆவது பிரிவின் கீழ் முடக்கவும் செய்யலாம். முன்பு உதட்டுக் காயத்திற்கு ஒரு வழக்கு இருந்தது. இப்போது பொய்க்கு இன்னொரு வழக்கு சேரும். முதலாவதில் விடுதலையாகிவிடலாம்; இரண்டாவதில் நம் கையெழுத்தே நமக்கு எதிரான சாட்சி.

இன்னொரு செய்தி. புலன்விசாரணையின்போது காவல்துறையினர் பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம். ஆனால் அதைத் தாமே முடக்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அலுவலருக்கே உரியது என்று 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமான நிலையத்தில் தடுக்கும் ‘லுக் அவுட் நோட்டீஸ்’ என்பது வேறு. குறிப்பிட்ட நிலையிலுள்ள உயரதிகாரிகளின் கோரிக்கையின் பேரில் குடிவரவுத் துறை அதைப் பிறப்பிக்கிறது. வழக்கு முடிந்தாலும் அது தானாக நீங்கிவிடுவதில்லை. கோரிய அதிகாரியே நீக்கச் சொல்லி எழுத வேண்டும். ஆகவே விடுதலைத் தீர்ப்புப் பெற்றவர்கள், அந்நோட்டீஸ் நீக்கப்பட்டதையும் உறுதி செய்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள்.

இதுவரை கூறியது நம் நாட்டு வாசலைத் தாண்டுவது. இனி அந்நாட்டு வாசல்.

வேலை விசாவுக்குச் சில நாடுகள் ‘பி.சி.சி.’ எனப்படும் காவல்துறைச் சான்றைக் கேட்கின்றன. வெளிநாட்டுத் தேவைக்கான அச்சான்றைப் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகப் பெறலாம். கட்டணம் 500 ரூபாய். சவூதி அரேபியா 2022 நவம்பரில் இந்தியர்களுக்கு இச்சான்றிலிருந்து விலக்களித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுவன. ஆகவே முன்பு சென்றவர் சொன்னதை நம்பாமல், செல்லும் வேளையில் உள்ள விதியைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

வளைகுடாவில் சிறை சென்றோ, நாடு கடத்தப்பட்டோ திரும்பியவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் ஒன்று சொல்வேன். புதுப் பாஸ்போர்ட் எடுத்தாலோ, பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலோ மீண்டும் நுழைந்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2000-களின் தொடக்கத்திலிருந்தே கருவிழிப் பதிவைக் கொண்டு, வெளியேற்றப்பட்டவர்களை அடையாளம் காண்கிறது. சவூதியில் கைரேகை. உம்ரா குழுவோடு சென்று ஜித்தா விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டால் பணமும் போகும், மானமும் போகும். தம் மீதுள்ள தடை எவ்வகைப்பட்டது, எத்தனை ஆண்டுக்குரியது என்பதை விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். காலம் சிலவற்றை மாற்றியும் இருக்கிறது. பணமில்லாமல் காசோலை திரும்பியதற்காகவே அமீரகத்தில் பலர் சிறை சென்றதுண்டு. 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், மோசடி முதலிய சில நேர்வுகளைத் தவிர்த்து, அதைப் பணம் வசூலிக்கும் சிவில் விவகாரமாக்கியது. பழைய வழக்கு இருப்போர் அங்குள்ள வழக்கறிஞர் மூலம் இன்றைய நிலையை அறியலாம்.

மேற்கு நாடுகளுக்குப் படிக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் செல்வோர் பெருகியுள்ளனர். அமெரிக்க விசாப் படிவம், “தண்டனை பெற்றீரா” என்று மட்டும் கேட்பதில்லை. “எப்போதேனும் கைது செய்யப்பட்டீரா” என்றும் கேட்கிறது. மன்னிக்கப்பட்டிருந்தாலும் கூறியாக வேண்டும். சிறு குற்றங்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் முக்கியமான செய்தியைப் பொய்யாகக் கூறி விசா பெற முயன்றால் வாழ்நாள் தடை வரும், அதிலிருந்து விலக்குப் பெறுவது எளிதன்று. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 12 மாதமோ அதற்கு மேலோ பெற்ற சிறைத்தண்டனையைப் பெருந்தடையாகக் கருதுகின்றன. கனடா, நாம் செய்த குற்றம் தன் நாட்டுச் சட்டப்படி எத்தகையது என்று பார்க்கிறது. தண்டனை முழுமையாக முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆனபின், திருந்தியவர் என அங்கீகரிக்குமாறு விண்ணப்பிக்க அங்கு வழி உண்டு. அதே கனடா 2018 டிசம்பர் முதல் போதையில் வாகனம் ஓட்டுவதைக் கடுங்குற்ற வரிசையில் சேர்த்துவிட்டது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியுள்ளது. சிறு வழக்குகளில், “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடு, அலைச்சல் மிச்சம்” என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டத்தின் பார்வையில் அது தண்டனையே. இன்று மிச்சப்படுத்தும் அலைச்சல், நாளை விசாப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுத வேண்டிய கட்டமாக வந்து நிற்கும். ஒப்புக்கொள்ளுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். முதன்முறையாகத் தவறியவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் உண்டு. அதன்படி எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு ஏற்படாது என்று 12-ஆவது பிரிவு கூறுகிறது. 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பொதுவாக இதனினும் பெரிய பாதுகாப்பை அளிக்கிறது. உரிய காலத்திற்குப் பின் பதிவேடுகளையே அழிக்கச் சொல்கிறது. பிள்ளையின் வயதுச் சான்றைத் தொடக்கத்திலேயே காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

போராட்டங்களில் கலந்துகொண்டு வழக்கில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் ஒரு சொல். குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிரான போராட்ட வழக்குகளில், வன்முறை தொடர்பானவை நீங்கலாக மற்றவை கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அறிவிப்பு வேறு, ஆணை வேறு. நீதிமன்றத்திற்கு வந்துவிட்ட வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் இசைவு தேவை. உங்கள் வழக்கு எண்ணில் அந்த ஆணை பிறந்துள்ளதா என்று பார்த்து, சான்றிட்ட நகலை வாங்கி வைத்தீர்களா? செய்தித்தாள் துண்டை எந்தப் பாஸ்போர்ட் அலுவலகமும் ஏற்றுக்கொள்ளாது.

இறுதியாக, நம் ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: இனிச் சமாதானம் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும், காவல் நிலையக் குற்ற எண், நீதிமன்ற வழக்கு எண், வழக்கு முடிந்த நாள் என்று மூன்று வரிகள் இருக்கட்டும். கடைசி வரி நிரம்பாதவரை அந்தச் சமாதானம் முடிந்ததாக நாம் கருத வேண்டாம். காயப்படுத்தியது போன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் ராஜி செய்துகொள்ளலாம். ஆபாசமாகத் திட்டியது போன்றவை ராஜிக்குரிய பட்டியலில் இல்லை. அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் சமரசத்தை ஏற்று வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என்பதை 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த வழிகள் அப்படியே உள்ளன.

இரண்டாவது: ‘இவர் மீது எந்த வழக்கும் இல்லை’ என்று ஜமாஅத் கடிதத்தாளில் எழுதித் தருவதை நிறுத்துவோம். இவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர், நாம் அறிந்தவரை நல்லொழுக்கம் உடையவர் என்று எழுதுவது நம் எல்லை. வழக்கு இல்லை என்பதற்கு நாம் சாட்சியல்லர். மாறாக, சபர் செல்லவிருக்கும் இளைஞர் தம் பெயரில் வழக்கு உள்ளதா என்பதை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள நம் நூலக அறையிலுள்ள கணினியைத் திறந்து வைப்போம். மாதம் ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் நான் வந்து அமரத் தயார். கட்டணம் ஏதுமில்லை.

மூன்றாவது: தண்டனை முடிந்து வந்தவரை நாம் தண்டிக்க வேண்டாம். சட்டமே ஐந்து ஆண்டில் ஒரு கதவைத் திறக்கிறது. நாம் ஐம்பது ஆண்டு ஆனாலும் “ஜெயிலுக்குப் போனவன்” என்கிறோம். அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் வழக்கை வீட்டாரிடமே மறைக்கின்றனர். மறைக்கப்படும் வழக்கு முடிவதில்லை. நம்மிடம் வந்து சொல்லத் துணிவு பிறந்தால்தான் நாம் உதவ முடியும்.

நான் சொன்ன அந்த இளைஞரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஊர் வந்ததும் வாரண்டு ரத்து செய்யப்பட்டது. உதட்டில் காயம்பட்ட அதே சகோதரர் மதுரைக்கு உடன் வந்து, உயர் நீதிமன்றக் கிளையில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் அளித்தார். வழக்கு ரத்தாகிப் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வர பதினொரு மாதங்கள் ஆயின. அதற்குள் அவருடைய வேலையில் வேறொருவர் அமர்த்தப்பட்டுவிட்டார். இப்போது கடைத்தெருவில் சிறு கடை வைத்துள்ளார். சென்ற ஆண்டு தம் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்று வந்தார். குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றபோது நெஞ்சு படபடத்தது என்றும், முத்திரை விழுந்த ஓசையைக் கேட்டபின்தான் தாயாரின் முகத்தைப் பார்த்ததாகவும் என்னிடம் கூறினார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு வாய்தாக்களிலும் ஒரு மனுவிலும் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. அப்படி முடித்திருந்தால் அத்தாவின் முகத்தையும் அவர் பார்த்திருப்பார். நம் புத்தகத்தில் இன்னும் எத்தனை சமாதானங்கள் அந்தக் கடைசி வரி இல்லாமல் கிடக்கின்றன என்பதை, இக்கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் அவர்களும் நானும் அமர்ந்து எண்ணவிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பக்கம் அதில் இருந்தால், நாங்கள் வந்து கதவைத் தட்டும்போது வருத்தப்படாதீர்கள்.